பீனோ காமிக்ஸ் எண்பது வருஷம் தாண்டியும் எப்படி நிற்கிறது?

பிரிட்டனில் ஒரு காலத்தில் கடை கடையாகத் தொங்கிய சிறுவர் நகைச்சுவை காமிக்ஸ் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோனபோது, 1938இல் ஆரம்பித்த பீனோ மட்டும் எப்படி இன்னும் வாராவாரம் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதே கம்பெனி அதற்கு முந்தைய வருஷம் ஆரம்பித்த டான்டி ஏன் பிழைக்கவில்லை என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சுருக்கமாகக் கேட்டால் என் பதில் இது. 1951க்கும் 1954க்கும் நடுவில் பீனோ பிள்ளைகள் பக்கம் போய் நின்றுகொண்டது. அப்பா, வாத்தியார், போலீஸ்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் எதிர்க்கட்சி. அந்த மூன்று வருஷத்தில் உருவான பாத்திரங்கள்தான் இன்றுவரை அந்த இதழைச் சுமக்கிறார்கள். அவர்களை வரைந்தவர்களின் பெயர்கூட அந்தக் காலத்து வாசகனுக்குத் தெரியாது என்பது இந்த வரலாற்றில் என்னை இன்னும் உறுத்தும் விஷயம்.

முதலில் ஊர். பீனோ லண்டன் இதழ் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் டண்டீ என்ற ஊர் அதன் பிறப்பிடம். சணல், ஜாம், பத்திரிகை, இந்த மூன்றையும் வைத்துப் பிழைத்த ஊர் என்று அதைச் சொல்வார்கள். வங்காளத்திலிருந்து கப்பலில் போன சணல் அங்கேதான் சாக்காக மாறியது. பத்திரிகை என்றால் டி.சி. தாம்சன் கம்பெனி. 1905இல் அந்தப் பெயரில் அமைந்த குடும்ப நிறுவனம், இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1920களிலும் 30களிலும் இந்தக் கம்பெனி பையன்களுக்காக ஐந்து வார இதழ்கள் நடத்தியது: அட்வென்ச்சர், ரோவர், விஸார்ட், ஸ்கிப்பர், ஹாட்ஸ்பர். பெரும்பாலும் எழுத்துக்கதைகள், சாகசம், பள்ளிக்கூடம், கால்பந்து. அவற்றின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆர்.டி. லோ, இன்னும் சின்னப் பிள்ளைகளுக்காக நகைச்சுவை இதழ்கள் ஐந்து கொண்டுவர வேண்டும் என்று திட்டம் போட்டார். முதலில் வந்தது டான்டி, 4 டிசம்பர் 1937 தேதியிட்ட இதழ். அடுத்து 30 ஜூலை 1938 தேதியிட்ட பீனோ. மூன்றாவதாக 1939இல் மேஜிக் வந்தது, போர் வந்து காகிதத் தட்டுப்பாட்டில் 1941இல் மூடிவிட்டார்கள். மீதி இரண்டு வரவே இல்லை.

பீனோவின் முதல் இதழ் 28 பக்கம், விலை இரண்டு பென்னி, கூடவே இலவசமாக ஒரு முகமூடி. அட்டையில் பிக் எகோ என்ற நெருப்புக்கோழி, வரைந்தவர் ரெக் கார்ட்டர். தன் முட்டையைத் தேடி அலையும் கோழி அது. உள்ளே வேடிக்கைப் படக்கதைகளோடு சாகசத் தொடர்களும் எழுத்துக்கதைகளும் கணிசமாக இருந்தன. இன்றைய வாசகர் அந்த இதழைப் புரட்டினால் எழுத்து இவ்வளவா என்று திகைத்துப்போவார். ஆனால் அதற்கு முந்தைய பிரிட்டிஷ் காமிக்ஸோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய மாற்றம். அவற்றில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலைந்து வரி விளக்கம் அச்சடித்திருப்பார்கள், படத்தில் நடப்பதையே எழுத்தில் திரும்பச் சொல்லும். டான்டியும் பீனோவும் அந்த வழக்கத்தைக் குறைத்துக்கொண்டு பேச்சைப் பாத்திரத்தின் வாயருகே வரையும் பலூனுக்குள் கொண்டுவந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து இதழின் பெயர்ப் பட்டையிலேயே தர்பூசணி தின்னும் ஒரு கறுப்பினச் சிறுவனின் கேலிச்சித்திரம் இருந்தது. போர்க்காலத்தில் முசோலினியைக் கிண்டல் செய்த தொடரின் தலைப்பே இத்தாலியர்களை இழிவுபடுத்தும் சொல்லை வைத்ததுதான். பழைய பீனோவைக் கொண்டாடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது அந்தக் காலத்து பிரிட்டனின் முகம், பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆரம்ப வருஷங்களின் பெரிய ஓவியர் டட்லி வாட்கின்ஸ். மான்செஸ்டரில் பிறந்து, பதின்ம வயதிலேயே டண்டீக்கு வந்து சேர்ந்தவர். இந்த ஒரு மனிதர் செய்த வேலையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கம்பெனியின் ஞாயிறு பத்திரிகையில் 1936இலிருந்து ஊர் வுல்லி, தி ப்ரூன்ஸ் என்ற இரண்டு ஸ்காட்லாந்துத் தொடர்கள், டான்டியில் டெஸ்பரேட் டேன் என்ற முரட்டு கவ்பாய், பீனோவில் லார்ட் ஸ்னூட்டி, பிறகு 1948இல் நெருப்புக்கோழியை இறக்கிவிட்டு அட்டைக்கு வந்த பிஃபோ கரடி. எல்லாம் ஒரே கை. லார்ட் ஸ்னூட்டி ஒரு பிரபு வீட்டுப் பையன், கோட்டையிலிருந்து நழுவிப்போய்த் தெருப் பிள்ளைகளோடு சுற்றுவான். முதல் இதழில் ஆரம்பித்த அந்தத் தொடர் 1991 வரை ஓடியது. 1969 ஆகஸ்டில் வாட்கின்ஸ் தன் வரைபலகையிலேயே மாரடைப்பால் இறந்துபோனார். அதற்குப் பிறகு பல வருஷங்கள் டெஸ்பரேட் டேனை வேறு யாரிடமும் முழுதாக ஒப்படைக்கத் துணியாமல் அவருடைய பழைய பக்கங்களையே கம்பெனி மறுபதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது.

போரில் காகிதம் ரேஷன் ஆனது. 1941இலிருந்து 1949 வரை ஒரு வாரம் பீனோ, மறுவாரம் டான்டி என்று மாற்றி மாற்றித்தான் வந்தன. லார்ட் ஸ்னூட்டியும் கூட்டாளிகளும் ஹிட்லர் ஆட்களை ஏமாற்றி விரட்டினார்கள். படித்து முடித்த இதழை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் போர் முயற்சிக்காகப் பழைய காகிதம் சேர்க்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். முதல் இதழின் பிரதிகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருப்பதற்கும், ஏலத்தில் ஒரு பிரதி ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போவதற்கும் அதுவும் ஒரு காரணம்.

கட்டுப்பாடு விலகி மறுபடி வாராந்திரமானதும் விற்பனை எகிறியது. 1950 ஏப்ரலில் ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட 19 லட்சத்து 74 ஆயிரம் பிரதிகள். அதுதான் உச்சம். தேதியைக் கவனித்தீர்களா? பீனோ என்றதும் இன்று நினைவுக்கு வரும் ஒரு பாத்திரம்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. கரடியும் பிரபுவும் வைத்தே அவ்வளவு விற்றது. வீட்டில் டிவி கிடையாது, மிட்டாயே ரேஷன், பிள்ளைகளுக்கு வேறு என்ன இருந்தது? அதனால் அந்த உச்சத்தை வைத்து இதழின் பலத்தை எடைபோட முடியாது. டிவி வந்த பிறகும் அது நின்றதற்கு அடுத்து வந்த மூன்று வருஷம்தான் காரணம்.

17 மார்ச் 1951 தேதியிட்ட இதழில் டென்னிஸ் தி மெனஸ் வந்தான். ஆசிரியர் ஜார்ஜ் மூனிக்கு அந்தப் பெயர் ஒரு மேடைப்பாட்டின் வரியிலிருந்து வந்தது என்றும், அவருடைய சக ஆசிரியர் இயன் சிஸ்ஹோம் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் முதல் உருவத்தைக் கிறுக்கிக் காட்டினார் என்றும் சொல்வார்கள். வரைந்தது டேவிட் லா. தலை முழுக்கக் குத்திட்டு நிற்கும் கறுப்பு முடி. எல்லோருக்கும் தெரிந்த சிவப்பு கறுப்புக் கோடு போட்ட ஜெர்சி முதல் சில வாரங்களில் கிடையாது, அப்புறம்தான் வந்தது.

நம்மில் பலருக்கு டென்னிஸ் என்றால் ஆங்கில நாளிதழில் பார்த்த வெளிர்முடி அமெரிக்கக் குட்டிப்பையன்தான் ஞாபகம் வரும். அவன் வேறு, இவன் வேறு. ஹாங்க் கெட்சம் வரைந்த அந்த அமெரிக்க டென்னிஸ் வெளிவந்தது 12 மார்ச் 1951. பிரிட்டிஷ் டென்னிஸ் இருந்த இதழும் அதே நாளில்தான் கடைக்கு வந்தது. ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியவே தெரியாது, முழுக்கத் தற்செயல். குணத்திலும் சம்பந்தம் இல்லை. அமெரிக்கப் பையன் தெரியாமல் வம்பு செய்து பெரியவர்களைச் சங்கடப்படுத்துவான். டண்டீக்காரன் தெரிந்தேதான் எல்லாம் செய்வான்.

இந்த வித்தியாசம்தான் முக்கியம். அதுவரை பெரும்பாலான காமிக்ஸில் குறும்பு செய்யும் பிள்ளை தவறுதலாக மாட்டிக்கொள்ளும், கடைசியில் திருந்தும். டென்னிஸ் திருந்த மாட்டான். அப்பாவின் செருப்பால் பின்புறத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் மறுபடி ஆரம்பிப்பான். அடி அவனுக்குக் கொடுக்க வேண்டிய விலை, அவ்வளவுதான். பாடம் கற்றுக்கொண்டதாக அவன் முகத்தில் ஒரு கோடுகூட இருக்காது.

டேவிட் லாவின் பக்கங்களைப் பார்த்து உற்சாகமாகி, இவர்களுக்கு வேலை செய்ய வேண்டும் என்று எழுதிப்போட்டவர் லங்காஷயரைச் சேர்ந்த லியோ பாக்ஸண்டேல் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர். 1953இல் லிட்டில் ப்ளம், அதே வருஷக் கடைசியில் மின்னி தி மின்க்ஸ், 1954 பிப்ரவரியில் பின்னால் பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ் என்று பெயர் மாறிய தொடர். மூன்றும் இவருடையது. அதே 1953இல் கென் ரீட் வரைந்த ரோஜர் தி டாட்ஜரும் வந்துவிட்டான். வேலையிலிருந்து தப்பிக்க வழி சொல்லும் தடிப்புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் பையன், போடும் திட்டம் எல்லாம் கடைசியில் அவன் தலையிலேயே விழும். மின்னி பெண் பிள்ளை, ஆனால் யாருக்கும் இளைத்தவள் இல்லை. ஆண் பிள்ளைகள் மூன்று பேரை ஒரே கட்டத்தில் புரட்டி எடுப்பாள். 1953இல் ஒரு பெண் குழந்தைக்கு அந்த இடத்தைக் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை.

பாஷ் ஸ்ட்ரீட்டின் ஆரம்பப் பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். பள்ளி மணி அடிக்கிறது, கதவு பிய்த்துக்கொண்டு திறக்கிறது, பிள்ளைகள் வெள்ளமாக வெளியே கொட்டுகிறார்கள். பெரிய ஒரே படம். கண்ணை எங்கே வைத்தாலும் அங்கே ஒரு சின்னக் கதை நடந்துகொண்டிருக்கும். வாத்தியார் மிதிபட்டுக்கொண்டிருப்பார். பலூனைப் படிக்க அரை நிமிஷம், படத்தைப் பார்க்க அரைமணி நேரம். காசு கொடுத்து வாங்கிய பையனுக்கு இரண்டு பென்னிக்கு ஒரு வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சரக்கு இருந்தது. பீனோ ஆசிரியரின் அலுவலக ஜன்னலிலிருந்து டண்டீ ஹைஸ்கூல் மைதானம் தெரியும், அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று கம்பெனி சொல்லும். பிறகு கூட்டம் சுருங்கி ஒரு வகுப்பு நிலைத்தது: மண்டையோடு போட்ட ஜெர்சி டேனி, பல் துருத்திய ப்ளக், எதையும் தாமதமாகப் புரிந்துகொள்ளும் ஸ்மிஃபி, ஸ்வெட்டரை மூக்குவரை இழுத்துவிட்ட வில்ஃப்ரிட், இரட்டைப் பிள்ளைகள் சிட்னியும் டூட்ஸும், இன்னும் சிலர்.

கதைகள் நல்லவிதமாக முடிந்தால் பரிசு என்ன தெரியுமா? சாப்பாடுதான். மசித்த உருளைக்கிழங்கு ஒரு குன்று, அதில் நாலாபக்கமும் குத்தி நிறுத்திய சாசேஜ்கள். டான்டியில் டெஸ்பரேட் டேனுக்கு ஒரு முழு மாட்டையே மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டம், மேலோட்டைத் துளைத்துக்கொண்டு கொம்பு வெளியே நிற்கும். பிரிட்டனில் இறைச்சி ரேஷன் 1954 வரை நீடித்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிக் கட்டம் எப்படி இருந்திருக்கும்!

சரி, இதை எல்லாம் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஓவியர் கையெழுத்துப் போடக் கூடாது. வாட்கின்ஸ் போன்ற வெகு சிலருக்குத்தான் அந்த அனுமதி கிடைத்தது. பாத்திரமும் உரிமையும் மூலப் படமும் கம்பெனிக்கே. 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிற்சங்கமே கூடாது என்று இருந்த நிறுவனம், அதனால் கூடிப் பேசவும் வழி இல்லை. பாக்ஸண்டேல் வாரத்துக்கு வாரம் நெருக்கடியில் வரைந்து வரைந்து 1962இல் ஓய்ந்துபோய் வெளியேறினார். பிறகு தன் பாத்திரங்களின் உரிமைக்காக வழக்குப் போட்டார். ஏழு வருஷம் இழுத்து 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. பிரிட்டனின் நாலைந்து தலைமுறைப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்த மனிதர் தன் பெயரை நிலைநாட்டவே வழக்காட வேண்டியிருந்தது. இதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்பது உண்மை, ஆனாலும் அது சமாதானம் ஆகாது.

பாக்ஸண்டேலுக்குப் பிறகு பாஷ் ஸ்ட்ரீட்டை எடுத்துக்கொண்டவர் டேவிட் சதர்லேண்ட். 1962இல் ஆரம்பித்தவர் 2023 ஜனவரியில் எண்பத்தொன்பதாவது வயதில் இறக்கும்வரை அதே தொடரை வரைந்தார். அறுபது வருஷம்! இடையில் வாட்கின்ஸ் இறந்தபோது பிஃபோ கரடி, டேவிட் லா உடம்பு முடியாமல் ஒதுங்கியபோது டென்னிஸ், எல்லாம் இவர் தோளில்தான் விழுந்தன. ஜிம் பெட்ரி மின்னியை 1961இலிருந்து 2001 வரை நாற்பது வருஷம் வரைந்தார். பீனோவின் ஆயுளுக்கு இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு. தாத்தா பார்த்த ப்ளக்கின் முகமும் பேரன் பார்த்த ப்ளக்கின் முகமும் ஒரே கையில் வந்தவை.

1968இல் டென்னிஸுக்கு நாஷர் என்ற நாய் வந்தது. டென்னிஸின் தலைமுடியை வரை, நாலு மூலையில் கால் வை, முன்னால் இரண்டு கண் வை, நாய் ரெடி என்று ஓவியருக்குச் சொல்லப்பட்டதாம். பார்த்தால் அப்படியேதான் இருக்கும். 1974இல் பிஃபோவை இறக்கி டென்னிஸை அட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1976இல் ஆரம்பித்த ரசிகர் மன்றத்தில் காசு கட்டிச் சேர்ந்தால் ரோமம் ஒட்டிய நாஷர் பேட்ஜ் கிடைக்கும், பத்து லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெரியவர்களும் விடவில்லை. 1966இல் வந்த ஜான் மேயல் இசைத்தட்டின் அட்டையில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் கேமராவைப் பார்க்காமல் பீனோ படித்துக்கொண்டிருப்பார். இசை ரசிகர்கள் இன்றும் அதை பீனோ ஆல்பம் என்றே சொல்கிறார்கள்.

நடுவில் தமிழ் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் முத்து காமிக்ஸில் பார்த்த இரும்புக்கை மாயாவி, லண்டனில் இருந்த ஃப்ளீட்வே குழுமத்தின் சரக்கு. டண்டீக்காரர்களின் போட்டிக் கம்பெனி. அந்த லண்டன் குழுமமும் நகைச்சுவை இதழ்களை வரிசையாக இறக்கியது. அவர்கள் வழி வேறு: புது இதழ் கொண்டுவா, விற்பனை சரிந்தால் இன்னொன்றோடு சேர்த்துவிடு. நிர்வாகமும் கை மாறிக்கொண்டே இருந்தது. அவர்களுடைய பஸ்டர் 2000 ஜனவரியில் நின்றதோடு அந்த வரிசை முடிந்துபோனது. டண்டீயிலும் இதழ்கள் செத்தன, டாப்பர், பீஸர் இரண்டும் முதலில் ஒன்றாகி 1993இல் மறைந்தன. ஆனால் பங்குச்சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத குடும்ப நிறுவனம் என்பதால் பீனோவுக்கு மோசமான வருஷங்களைக் கடக்க அவகாசம் கிடைத்தது.

அதே குடும்பம், அதே அவகாசம், ஆனாலும் டான்டி பிழைக்கவில்லையே? டான்டியின் நாயகர்கள் டெஸ்பரேட் டேனும் கோர்க்கி பூனையும். ஒருவர் வளர்ந்த ஆள், மற்றது மிருகம். அருமையான பாத்திரங்கள்தான், எனக்கு டேனை ரொம்பப் பிடிக்கும், டண்டீ நடுத்தெருவில் அவருக்குச் சிலையே இருக்கிறது. ஆனால் படிக்கிற பிள்ளை தன்னை அங்கே பார்க்க முடியாது. டென்னிஸிலும் மின்னியிலும் பாஷ் ஸ்ட்ரீட் வகுப்பிலும் பார்க்கலாம். டிவி, வீடியோ கேம் எல்லாம் வந்த பிறகு அந்த ஒரு வித்தியாசம் பெரிதாகிவிட்டது. டான்டி வடிவத்தை மாற்றிப் பார்த்தது, பெயரைக்கூட மாற்றிப் பார்த்தது, விற்பனை எட்டாயிரத்துக்கும் கீழே போய், சரியாக 75 வயதில் 2012 டிசம்பரில் அச்சு நின்றது. இணைய வடிவமும் சில மாதத்தில் ஓய்ந்தது.

பீனோவும் மாறாமல் நிற்கவில்லை. பிரிட்டிஷ் அரசுப் பள்ளிகளில் அடிக்கத் தடை 1987இல் நடைமுறைக்கு வந்தது, அதையொட்டிய வருஷங்களில் கடைசிக் கட்டத்துச் செருப்படியும் காணாமல் போனது. சில பழைய ரசிகர்களுக்கு அது குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை, சிரிப்பு அடியில் இருந்ததே இல்லை, அடிக்கு முன்னால் நடந்த திட்டத்தில்தான் இருந்தது. 2021இல் பாஷ் ஸ்ட்ரீட்டின் ஃபேட்டி ஃப்ரெடி ஆனான், ஸ்பாட்டி ஸ்காட்டி ஆனான். அதே காலத்தில் ஹர்ஷா, மஹிரா போன்ற பெயர்கள் வகுப்பில் சேர்ந்தன. பிரிட்டனின் நிஜ வகுப்பறை இன்று அப்படித்தான் இருக்கிறது, அதனால் சரியான முடிவு. ஆனால் 2009இல் டிவி தொடருக்காக டென்னிஸிடமிருந்து உண்டிவில்லைப் பிடுங்கி, முகத்தையும் மென்மையாக்கியபோது எழுந்த கூச்சலில் நியாயம் இருந்தது. யாரையும் தொந்தரவு செய்யாத டென்னிஸால் யாருக்கு என்ன பிரயோஜனம்? 2019 ஆகஸ்டில் நாலாயிரமாவது இதழ் வந்தது. இப்போதைய கதையில் டென்னிஸின் அப்பா யார் என்று பார்த்தால், வளர்ந்துவிட்ட பழைய டென்னிஸ்தான்!

படிக்க ஆரம்பிக்க வேண்டும் என்றால் இரண்டு வழி. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கெட்டி அட்டையில் ஆண்டு மலர் வரும், வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளை இருந்தால் அதை வாங்கிக் கொடுங்கள், ஆங்கிலம் எளிது. உங்களுக்காக என்றால் 1954இலிருந்து 1962வரை பாக்ஸண்டேல் வரைந்த பக்கங்கள் இருக்கும் தொகுப்பைப் பழைய புத்தக விற்பனையாளர்களிடம் தேடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பழையதை எடுங்கள், புதுசு அடுத்த வாரமும் கடைக்கு வரும்.